‘பிஸ்டல்’ பீட் மாரவிச் – 3,667 புள்ளிகளின் கதை



முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. கையில் ஒரு எம்.எஸ். பிளாட்டைக் கொடுத்து, வைஸில் மாட்டி, ராவு ராவு என்று ராவச் சொல்வார்கள். ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். மறுபடியும் ராவ வேண்டும். உள்ளங்கை கொப்புளித்துப் போன பிறகுதான் ஒரு மூலையாவது சதுரத்துக்கு வரும். எதுக்குடா இந்த வேலை, மெஷின்ல குடுத்தா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடுமே என்று முணுமுணுக்காதவர் யாராவது உண்டா?

அப்படி ஒரே வேலையை ஏழு வயதில் ஆரம்பித்து, பதினைந்து வருஷம் விடாமல் செய்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் கையில் இருந்தது அரம் அல்ல, கூடைப்பந்து. அமெரிக்கக் கல்லூரி கூடைப்பந்து கண்ட கார்டுகளிலேயே, அதாவது பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிற வீரர்களிலேயே, அவரைப்போல் புள்ளி குவித்த ஆண் வீரர் இன்று வரை வேறு யாரும் இல்லை. பெயர் பீட் மாரவிச். நாற்பது வயதில், 1988-ல், விளையாடிக்கொண்டிருந்த கோர்ட்டிலேயே விழுந்து இறந்துபோனார்.

சாதனையாளர் வரலாறு என்றால் உழைத்தார், உயர்ந்தார் என்று முடித்துவிடுவது வழக்கம். இந்த மனிதரின் கதை அப்படிச் சுலபமாக முடியவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

அப்பாவின் கனவு

பென்சில்வேனியா மாநிலத்தில் அலிகிப்பா என்று ஓர் ஊர். ஊர் முழுக்க எஃகு ஆலை. உலை, புகை, ஷிஃப்ட் சங்கு... நம்ம சேலம், பத்ராவதி ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும். பிழைக்க வந்த செர்பிய இனக் குடும்பத்தில் பிறந்தவர் பீட்டின் அப்பா. பெயர் பெட்டர். சின்ன வயதில் பிட்ஸ்பர்க் பிரஸ் என்ற பத்திரிகையை விற்றதால் ஊரார் வைத்த பெயர் ‘பிரஸ்’. கடைசி வரை அதுவே நிலைத்துவிட்டது.

அந்த ஊரில் பிறந்த பையனுக்கு எதிரே இருந்த பாதை ஆலைக் கேட்டுக்குள் போகும் பாதை. பிரஸ்ஸை அதிலிருந்து வெளியே இழுத்தது கூடைப்பந்து. ஆட்டத்தால் கல்லூரிப் படிப்பு கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானியாக இருந்தார். திரும்பி வந்து கொஞ்ச காலம் தொழில்முறையில் ஆடினார். பெரிய ஆட்டக்காரராக வர முடியவில்லை. பயிற்சியாளர் ஆனார். தனக்குக் கிடைக்காத உயரம் மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1947 ஜூன் 22-ல் பிறந்த பீட்டுக்கு ஏழு வயதானதும் பாடம் ஆரம்பமானது. வெறுமனே கூடையில் போடுகிற பாடம் அல்ல. பந்து கைக்கு அடங்க வேண்டும் என்பதற்காக அப்பாவே பயிற்சிகளைக் கண்டுபிடித்தார். ஒன்றுக்குப் பெயர் பிரெட்ஸல். கால்களுக்கு நடுவே பந்து; ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால். பந்து தரையில் விழாமல் கைகள் இடம் மாற வேண்டும், வேகமாக, இன்னும் வேகமாக. இன்னொன்று ரிகோஷே. முன்னாலிருந்து பந்தைக் கால்களுக்கு இடையே தரையில் அடித்து, எகிறி வருவதை முதுகுக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். செய்து பாருங்கள், தெரியும்!

கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுவான். கையுறை போட்டுக்கொண்டு தட்டுவான். ஊருக்குள் நடந்தாலும் சைக்கிளில் போனாலும் பந்து கூடவே வரும். சினிமாக் கொட்டகையில் நடைபாதை ஓர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, படம் ஓட ஓடப் பந்தைத் தட்டுவான். அப்பா காரை ஓட்ட, மகன் கதவோரம் சாய்ந்து வெளியே கையை நீட்டித் தார் ரோட்டில் பந்தைத் தட்டிக்கொண்டே வருவான். அப்பா வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். ராத்திரி தூக்கமும் பந்தோடுதான். ஒரு மணி நேரம் விரலில் பந்தைச் சுழற்ற முடியுமா என்று ஒருத்தன் ஐந்து டாலர் பந்தயம் கட்டினான். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. விரல் மாற்றி விரல், முட்டி மாற்றி முட்டி என்று சுழற்றிப் பந்தயத்தை ஜெயித்தே விட்டான்.

எட்டாம் வகுப்பிலேயே தென் கரோலினாவில் டேனியல் ஹைஸ்கூல் பெரிய டீமில் இடம் கிடைத்தது. ஒல்லிப் பையன். தலைக்கு மேலிருந்து எறிய கையில் பலம் போதாது. இடுப்போரத்திலிருந்து, உறையிலிருந்து துப்பாக்கியை உருவுகிற மாதிரி எடுத்து வீசுவான். அதைப் பார்த்து வந்த பெயர்தான் ‘பிஸ்டல்’. பின்னால் ஆறடி ஐந்தங்குல ஆளாக வளர்ந்தும் பெயர் மாறவில்லை.

மாட்டுக் கண்காட்சிக் கொட்டகையில் திருவிழா

1966-ல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் பிரஸ்ஸைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. கூடவே மகனும் வர வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த எதிர்பார்ப்பு. பீட்டுக்கு மனசு வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் மேல். அப்பா விடவில்லை. சீட்டு எங்கே, பிராஞ்ச் எது என்பதை வீட்டில் முடிவு செய்வது நமக்கு மட்டும் நடக்கிற சங்கதி இல்லை, பார்த்தீர்களா!

அந்த மாநிலத்தில் அப்போது அமெரிக்கக் கால்பந்துக்குத்தான் மவுசு. கூடைப்பந்து ஆடிய இடம் விவசாயக் கல்லூரி அரங்கம். மாடு, குதிரைக் கண்காட்சிகள் நடக்கிற இடம். டீமின் நிலைமை அதைவிட மோசம். பிரஸ் பொறுப்பேற்ற முதல் சீசனில் 26 ஆட்டங்களில் ஜெயித்தது மூன்றே மூன்று!

முதல் வருஷ மாணவர் பெரிய டீமில் ஆடக்கூடாது என்பது அன்றைய விதி. அதனால் பீட் ஜூனியர் டீமில் ஆடினார். ஆட்டத்துக்குச் சராசரி 43.6 புள்ளி. ஜூனியர் ஆட்டம் முடிந்ததும், அடுத்து நடக்கவிருந்த சீனியர் ஆட்டத்தைப் பார்க்காமலே ஜனங்கள் எழுந்து வீட்டுக்குப் போனார்களாம்.

பிறகு மூன்று சீசன்கள். நம்ம டிப்ளமோ மாதிரியே சரியாக மூன்று வருஷம். பரட்டைத் தலை, தொளதொளவென்று கணுக்காலில் சரிந்து கிடக்கும் சாம்பல் நிற சாக்ஸ். முதுகுக்குப் பின்னால் பாஸ், காலுக்கு இடையே பாஸ், பார்ப்பது ஒரு பக்கம் பந்து போவது மறுபக்கம்! பிரெட்ஸலும் ரிகோஷேயும் ஆட்டத்துக்குள் வந்துவிட்டன. கண்காட்சிக் கொட்டகை நிரம்பி வழிந்தது.

கணக்கைப் பார்ப்போமா? 1967-68 சீசனில் 1,138 புள்ளி. அடுத்த சீசனில் 1,148. கடைசி சீசனில் 1,381. மொத்தம் 83 ஆட்டங்களில் 3,667. ஆட்டத்துக்குச் சராசரி 44.2. ஐம்பதும் அதற்கு மேலும் எடுத்த ஆட்டங்கள் மட்டும் 28. அன்று மூன்று புள்ளிக் கோடு கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து போட்டாலும் இரண்டுதான். 1,387 கூடைகளுக்கு 2,774, ஃப்ரீ த்ரோவில் 893. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். மூன்று புள்ளிக் கோடு எல்லாக் கல்லூரி ஆட்டங்களுக்கும் வந்தது 1986-87 சீசனில்தான்.

அதுவரை ஆஸ்கர் ராபர்ட்சன் வைத்திருந்த 2,973 புள்ளி சாதனையை 1970 ஜனவரி 31-ல் பீட் தாண்டினார். அந்த வருஷம் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான நெய்ஸ்மித் விருதும் அவருக்கே.

பேலன்ஸ் ஷீட்டின் மறுபக்கம்

இதுவரை படித்து விசிலடித்த நண்பர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

1970 பிப்ரவரி 7. அலபாமாவுக்கு எதிரான ஆட்டம். பீட் எடுத்தது 69 புள்ளி. அதில் 47 இரண்டாம் பாதியில் மட்டும். ஒரு மனிதன் இதைவிட என்ன செய்ய முடியும்? ஆனால் ஆட்ட முடிவு அலபாமா 106, லூசியானா 104. தோல்வி!

அந்த மூன்று சீசன்களில் லூசியானா ஆடிய 84 ஆட்டங்களில் வெற்றி 49, தோல்வி 35. மூன்றில் ஒரு வருஷம்கூட தேசிய சாம்பியன்ஷிப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை. கடைசி வருஷம் நியூயார்க்கில் நடந்த என்.ஐ.டி. போட்டிக்குப் போய் நாலாவது இடம். அவ்வளவுதான்.

காரணம் என்ன? ஆட்டத்துக்குச் சராசரியாக 38 முறை பீட் ஒருவரே கூடையைக் குறி வைத்தார். அப்பா வகுத்த திட்டமே அதுதான். மற்ற நாலு பேருடைய வேலை பந்தைப் பிடித்து அவரிடம் கொடுப்பது. டீமும் பலவீனம்தான், மறுக்க முடியாது. அவர் இல்லாவிட்டால் இன்னும் கேவலமாகத் தோற்றிருப்பார்கள். ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. மகன் சாதனை படைக்க வேண்டும் என்பதும் டீம் ஜெயிக்க வேண்டும் என்பதும் ஒன்றுதானா? பயிற்சியாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அப்பாவாகவும் இருந்ததால், இந்தக் கேள்வியைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

1970-ல் அட்லாண்டா ஹாக்ஸ் அவரைத் தேர்வில் மூன்றாவது ஆளாக எடுத்தது. ஒப்பந்தம் கிட்டத்தட்ட 19 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு ஆட்டம்கூட ஆடாத புதுப் பையனுக்கு, வருஷக் கணக்காக உழைத்த சீனியர்களைவிடப் பல மடங்கு சம்பளம். மனஸ்தாபம் வராமல் இருக்குமா? முந்தின சீசனில் 48 ஆட்டம் ஜெயித்த டீம், அவர் வந்த சீசனில் 36 ஜெயித்தது. பழியெல்லாம் பீட் தலையில். அந்த முதல் சீசனிலேயே அவர் ஆட்டத்துக்கு 23 புள்ளி எடுத்தார் என்பது யார் காதிலும் ஏறவில்லை.

1974-ல் புதிதாகத் தொடங்கிய நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் டீமுக்கு அவரை மாற்றிவிட்டார்கள். அதே வருஷம் அக்டோபரில் வீட்டில் இடி விழுந்தது. நெடுநாள் குடியிலும் மனச்சோர்விலும் தவித்த அம்மா ஹெலன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பந்தும் அப்பாவும் மகனுமாக ஓடிய அந்த வீட்டில் அம்மா எவ்வளவு தனியாக இருந்திருப்பார் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

பீட்டும் குடித்தார். குடித்தாலும் ஆட்டம் குறையவில்லை. 1976-77 சீசனில் ஆட்டத்துக்கு 31.1 புள்ளி எடுத்து லீகிலேயே முதலிடம். 1977 பிப்ரவரி 25-ல் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக 68 புள்ளி. அவரைத் தடுக்க நின்றவர் லேசுப்பட்டவர் அல்ல, தடுப்பாட்டத்தில் பேர் வாங்கிய வால்ட் ஃப்ரேசியர். அடுத்த வருஷம் ஜனவரியில் காலுக்கிடையே ஒரு நீண்ட பாஸ் கொடுக்க எகிறியபோது முழங்கால் போயிற்று. பழைய வேகம் திரும்பவே இல்லை.

1980 ஜனவரியில் ஜாஸ் அவரை விடுவித்தது. பாஸ்டன் செல்டிக்ஸ் சேர்த்துக்கொண்டது. லாரி பேர்டு அங்கே புதுமுகமாக வந்திருந்த சீசன் அது. லீகில் மூன்று புள்ளிக் கோடு போட்ட முதல் சீசனும் அதுதான். அந்த சீசன் முழுவதும் பீட் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டது 15, விழுந்தது 10! காலம் தாழ்ந்து வந்த கோடு. அந்த இலையுதிர் காலத்தில் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த சில மாதங்களில், 1981-ல், பாஸ்டன் சாம்பியன் ஆனது. பத்து வருஷத் தொழில்முறை ஆட்டம், 15,948 புள்ளி... சாம்பியன் மோதிரம் மட்டும் கைக்கு வரவில்லை.

பந்து இல்லாத வீடு

ஓய்வு பெற்றவர் வீட்டுக்குள் முடங்கிவிட்டார். கூடைப்பந்துப் பேச்சையே எடுக்கவில்லை. ஏழு வயதிலிருந்து ஒரே வேலை. அது நின்றதும் நான் யார் என்ற கேள்வி வந்துவிட்டது. நம் நாட்டு யோகா, இந்து சமயத் தத்துவம், உணவுக் கட்டுப்பாடு, வேற்றுக் கிரக மனிதர் பற்றிய ஆராய்ச்சி என்று ஒவ்வொன்றாகத் தேடினார். கடைசியில் 1982-ல் கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊன்றிக்கொண்டார். குடியை விட்டார். மனைவி, இரண்டு மகன்கள் என்று குடும்பத்தோடு வாழ ஆரம்பித்தார்.

பழைய பயிற்சிகளும் திரும்பின. இம்முறை சாதனைக்காக அல்ல. 1987-ல் பிரெட்ஸல், ரிகோஷே எல்லாவற்றையும் வீடியோ பாடமாக எடுத்துச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. கடைசி மாதங்களில் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர் மகன்தான். 1987 ஏப்ரல் 15-ல் பிரஸ் கண்ணை மூடினார். அடுத்த மாதம் கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் பீட்டின் பெயர் ஏறியது. முப்பது வருஷமாக எந்த நாளுக்காக அப்பா காத்திருந்தாரோ, அந்த நாளைப் பார்க்க அப்பா இல்லை.

1988 ஜனவரி 5. கலிபோர்னியாவில் பாசடேனா நகரில் ஒரு தேவாலய ஜிம். நண்பர்களோடு காலை நேரத்தில் சும்மா ஒரு ஆட்டம். இடைவேளையில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். எழுந்திருக்கவில்லை.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர்கள் திகைத்துவிட்டார்கள். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோக இடமும் வலமுமாக இரண்டு குழாய்கள் உண்டு. பீட்டுக்குப் பிறவியிலேயே இடது குழாய் இல்லை! வலது குழாய் ஒன்றே மொத்த வேலையையும் பார்த்திருக்கிறது. நம்ம பாஷையில் சொன்னால், இரண்டு சப்ளை லைன் இருக்க வேண்டிய பம்பு ஒற்றை லைனில் நாற்பது வருஷம் ஃபுல் லோடில் ஓடியிருக்கிறது. இந்தக் குறையோடு பிறந்தவர்கள் வாலிபம் தாண்டுவதே அரிது. இவரோ கல்லூரியில் 83 ஆட்டம், லீகில் 658 ஆட்டம் ஓடியிருக்கிறார். 1974-ல் ஒரு நிருபரிடம் பேசும்போது, பத்து வருஷம் லீகில் ஆடிவிட்டு நாற்பது வயதில் மாரடைப்பில் போய்ச்சேர விருப்பமில்லை என்று பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. பத்து சீசன், நாற்பது வயது. விதி என்பதா, வேறென்ன சொல்வது?

எண்ணும் மனிதனும்

அவர் விட்டுப்போன இரண்டு வருஷம் கழித்து, 1972-ல், லூசியானா பல்கலைக்கழகம் பெரிய அரங்கம் ஒன்றைத் திறந்தது. மாட்டுக் கண்காட்சிக் கொட்டகை போதாது என்று ஆக்கியதே பீட்தான். 1988-ல் அந்த அரங்கத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். 2022-ல் வாசலில் சிலையும் வைத்தார்கள். 1996-ல் லீகின் ஐம்பது மாபெரும் வீரர்கள் பட்டியல் வந்தபோது, அதில் உயிரோடு இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

2023-ல் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் ஆன்டாயின் டேவிஸ் ஐந்து சீசன், 144 ஆட்டம் ஆடி 3,664-ல் நின்றார். மூன்றே புள்ளி குறைவு. 2024 மார்ச் 3-ல் அயோவா பல்கலைக்கழக மாணவி கெய்ட்லின் கிளார்க் தன் நான்காவது சீசனில் 3,667-ஐத் தாண்டினார். இவர்கள் இருவர் காலத்திலும் மூன்று புள்ளிக் கோடு இருந்தது. ஆண்கள் பட்டியலில் பீட்டின் பெயர்தான் இன்னும் மேலே.

நண்பர்களே! பயிற்சி வீண் என்று நான் சொல்ல வரவில்லை. பிரெட்ஸலைப் பழகாத கைக்கு 3,667 வராது. அரம் பிடிக்காத கைக்கு மெஷினும் சொல்பேச்சு கேட்காது. ஆனால் அந்த எண் பீட்டுக்கு நிம்மதியைத் தரவில்லை. டீமுக்கு வெற்றியையும் தரவில்லை. அதே வித்தையை அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தபோதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

நம்மில் பாதிப் பேருடைய அப்பாக்கள் மில்லிலும் வயலிலும் நின்றவர்கள். அவர்கள் படிக்க நினைத்த படிப்பைத்தான் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். அதில் தப்பு இல்லை, பெருமைதான். ஆனால் பிரஸ்ஸும் பீட்டும் பல வருஷம் பந்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். மனம்விட்டுப் பேச அவர்களுக்குக் கடைசிச் சில மாதங்கள்தான் மிஞ்சின.

அடுத்த முறை மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும்போது, 82 பர்சன்டோ, இரண்டு அரியரோ, எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். அதை நீட்டுவதற்கு முன்னால் அப்பா பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். சாப்பிட்டீங்களா, கால்வலி எப்படி இருக்கு என்று கேளுங்கள். அம்மாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மார்க்கை அப்புறம் சொல்லிக்கலாம்.